மழை பெய்கிறது, தண்ணீர்தான் நிற்பதில்லை

திருப்பூரில் இருக்கும் சித்தியிடம் போனில் பேசும்போது, இந்த வாரமும் லாரித் தண்ணீர்தான் என்று சொன்னால் நம்பவே மாட்டார். "மலை மேல உட்கார்ந்துக்கிட்டு தண்ணி இல்லைங்கிறியா? எங்களுக்கே அங்கிருந்துதானேடா வருது" என்று சிரிப்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. திருப்பூர்க் குழாயில் வருவது மேட்டுப்பாளையத்தில் எடுக்கிற பவானித் தண்ணீர், பவானி பிறப்பது நீலகிரியின் மேற்கு ஓரத்தில் மேல்பவானிப் பக்கம். ஆனால் அதே மலையில் மார்ச், ஏப்ரல் வந்தால் குடத்தோடு அலைகிறோம் என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று யாராவது பொறுமையாகக் கேட்டால் சொல்லலாம் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானே எழுதிவிடுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் இலை வரவுக் கணக்கு பார்க்கிறேன். காலையில் எந்த ஊரிலிருந்து எத்தனை கிலோ பச்சை இலை வந்தது, அதில் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு பாக்கி, இதுதான் வேலை. இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வானிலை அறிக்கை படிக்க வேண்டியதில்லை, இலை வரத்தே சொல்லிவிடும்.

மழையின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று யாரும் நிரூபித்துவிடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தை நனைக்கும். அப்புறம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி என்று கிழக்குப் பக்கத்துக்கு வரும். ஒரே மலைக்கு இரண்டு வாசல். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்பதுதான் இங்கே எல்லாருடைய கணக்கும்.

அந்தக் கணக்கு தப்புவது மழை குறைந்ததால் என்பதைவிட, மழை வருகிற விதம் மாறியதால்தான். அம்மா பந்தலூர்ப் பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சிறுமியாக இலங்கையிலிருந்து வந்து, அங்கே பழகிய லயம் (தொழிலாளர் வரிசை வீடு), படங்கு (மழைக்கு உடம்பில் சுற்றிக்கொள்வது), கங்காணி (வேலை வாங்குபவர்) எல்லாச் சொல்லையும் இங்கேயும் விடாமல் வைத்திருப்பவர். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசு ஆரம்பித்த தோட்டங்கள் அவை. "ஆடி பொறந்தா சாரல் நிக்காதுப்பா. படங்கைச் சுத்திக்கிட்டு காலையில மலைக்கு ஏறினா சாயங்காலம் வரைக்கும் தூறல்தான். ஒரு வாரம் வெயில் முகமே பார்க்க மாட்டோம். இப்ப என்னடான்னா பத்து நாளைக்கு வெயில் அடிக்குது, அப்புறம் ஒரே ராத்திரியில ரோட்டை அடிச்சுக்கிட்டுப் போயிடுது" என்பார். அம்மாவுக்கு நிகழ்தகவோ சராசரியோ தெரியாது. ஆனால் இந்தியாவின் பல பகுதிகளுக்கு வானிலை ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்: மிதமான மழை நாட்கள் குறைகின்றன, கொட்டித் தீர்க்கும் நாட்கள் கூடுகின்றன.

இதற்குப் பின்னால் இருக்கிற இயற்பியல் சிக்கலானது இல்லை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்குகிற நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அரபிக்கடலிலிருந்து வரும் காற்று முன்பைவிட அதிகச் சுமையோடு வந்து மலையில் மோதுகிறது, மோதி மேலே ஏறிக் குளிரும்போது அத்தனையையும் ஒரே இடத்தில் இறக்கிவிடுகிறது. மழை இல்லாத நாட்களில் அதே சூடான காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஆக வெள்ளத்தையும் வறட்சியையும் எதிரெதிர் என்று பிரித்து வைக்க வேண்டியதில்லை, இரண்டும் ஒரே காரணத்தின் பிள்ளைகள்.

2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில்தான், அதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் ஒரு மலைச்சரிவில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் மழைக்குப் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று நான் எழுதமாட்டேன், தனியாக ஒரு நிகழ்வை எடுத்து அப்படிச் சொல்ல அதற்கென்று ஆய்வு செய்ய வேண்டும். எங்கள் பந்தலூருக்குப் பக்கத்தில் வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கை, சூரல்மலை புதைந்தபோது அப்படி ஒரு ஆய்வு நடந்தது. அந்த மழை பருவநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கடுமையாகியிருந்தது என்று உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு சொன்னது. 10 சதவீதம் என்பது காகிதத்தில் சின்ன எண். ஏற்கெனவே நனைந்து கனத்துப் போன சரிவு பிடித்து நிற்குமா வழுக்குமா என்பதை அந்தக் கடைசிப் பங்கு தீர்மானித்துவிடலாம்.

சரி, இவ்வளவு மழை பெய்தும் மார்ச்சில் ஏன் ஊற்று வற்றுகிறது? இதற்குப் பதில் மேகத்தில் இல்லை, புல்லில் இருக்கிறது.

நீலகிரியின் மேல்மட்டத்தில், 1,800 மீட்டருக்கு மேலே, இயற்கை விட்டுவைத்த அமைப்பு ஒன்று உண்டு. மலையின் முதுகெல்லாம் புல்வெளி, மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் மட்டும் குட்டையான, அடர்த்தியான சோலைக்காடு, அடியில் சதுப்பு. சுற்றுலா வருபவர்கள் புல்வெளியைப் பார்த்தால் "இங்கே ஏன் மரமே இல்லை, வெட்டிட்டாங்களா?" என்று கேட்பார்கள். வெட்டவில்லை ஐயா, அது அப்படித்தான் இருக்க வேண்டும். புல்லின் வேர் அடர்த்தியாக மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, மட்கிய கறுப்பு மண் மழையை உள்ளே இழுத்துக்கொள்கிறது, புல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் தண்ணீர் மிகக் கொஞ்சம். மீதி மெதுவாகக் கீழே இறங்கிச் சதுப்புக்கு வருகிறது. சதுப்பு, நனைத்துப் போட்ட சாக்கு மாதிரி, மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். சோலைக்குள் மரங்களின் மேல் படர்ந்திருக்கும் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் மழையே பெய்யாத நாளில்கூட மூடுபனியிலிருந்து ஈரத்தைப் பிடித்துத் தரையில் விடும். இந்த ஏற்பாடு முழுசாக இருக்கிற இடத்தில் ஓடை கோடையிலும் ஓடும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இன்னும் அப்படிப்பட்ட ஓடைகள் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் மேல் நாங்கள் என்ன செய்தோம் என்பது நீண்ட கதை. வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்தன. விறகுக்காக என்று ஆரம்பித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசே பெரிய அளவில் நட்டது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும், ரேயான் ஆலைக்குக் கூழ் மரம் வேண்டும், எதற்கும் உதவாத புல்வெளி 'தரிசு' என்று ஆவணங்களில் எழுதப்பட்டிருந்தது, பிறகென்ன, நடு! ஊட்டியில் மத்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றை இயற்கையாக விட்டு, இன்னொன்றில் கற்பூர மரம் நட்டு, 1960களின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம் தண்ணீரை அளந்தார்கள். மரம் நட்ட பகுதியில் முதல் சுற்றில் ஓடைநீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுபடி துளிர்க்க விட்ட இரண்டாவது சுற்றில் 25.4 சதவீதம். மழை இல்லாத மாதங்களில் ஓடையில் ஓடும் தண்ணீரின் வீழ்ச்சி இதைவிட மோசம். எனக்குத் தெரிந்து இந்தியாவில் இந்த விஷயத்தில் இவ்வளவு பொறுமையாகச் செய்த அளவீடுகள் குறைவு. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒருவரும் ஒரு மரத்தை உடனே பிடுங்கவில்லை.

பழனி மலையில் கதை இன்னும் மோசம். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தவர்கள், நாற்பது ஆண்டுகளில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் எழுதினார்கள். கொடைக்கானல்காரர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம், நாங்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. ஜான் சலிவன் 1820களில் அமைத்த ஊட்டி ஏரியின் ஒரு பகுதியை மேடாக்கித்தான் இன்றைய பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தயம் நடந்த மைதானமும் வந்தன. மழைக்கு பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் தேங்கினால் 'ஊட்டியில் வெள்ளம்' என்று டி.வி.யில் வருகிறது. அது வெள்ளம் இல்லை, தண்ணீர் பழைய வீட்டைப் பார்க்க வருகிறது.

இதெல்லாம் பருவநிலை மாற்றமா? இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. மலையின் தாங்கும் சக்தியை நாம் முதலில் எடுத்துவிட்டோம், அதற்கப்புறம் வானிலை மாற ஆரம்பித்தது. இப்போது எந்த மேடையில் பார்த்தாலும் எல்லாப் பழியையும் 'உலக வெப்பமயமாதல்' மேல் போட்டுவிட்டுக் கைகழுவுகிறார்கள். எங்கேயோ இருக்கிற நிலக்கரி ஆலைதான் காரணம் என்றால் உள்ளூரில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். நிலக்கரிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேலே புல்லும் சதுப்பும் முழுசாக இருந்திருந்தால் அதே கடுமழையின் கணிசமான பங்கு உள்ளே போயிருக்கும், அதே வெயிலில் ஊற்று இன்னும் சில வாரமாவது தாக்குப்பிடித்திருக்கும்.

இரண்டும் சேர்ந்து செய்கிற வேலையில் எனக்கு மிகவும் கவலை தருவது உறைபனி. வெளியூர்க்காரர்களுக்கு உறைபனி என்றால் செல்ஃபி. எங்களுக்கு அது ஒரு காவல்காரன். நவம்பரில் நீர்ப்பனி, பிறகு டிசம்பர், ஜனவரியில் உறைபனி, இதுதான் வழக்கம். மேகமில்லாத இரவில் திறந்த புல்வெளியில் தரையின் வெப்பமெல்லாம் வானத்துக்குப் போய்விடும், காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலும் புல்நுனி உறைந்துவிடும். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் அந்தக் குளிரில் கருகிவிடும். இப்படித்தான் ஆயிரக்கணக்கான வருஷமாகப் புல்வெளி புல்வெளியாகவும் சோலை சோலையாகவும் தங்கள் எல்லையில் இருந்தன. பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) ஆய்வாளர்கள் நீலகிரியில் வேலை செய்து 2020இல் வெளியிட்டதில் ஒரு விஷயம் இருக்கிறது: இந்த உறைபனி உள்ளூர்ச் சோலை மரக்கன்றுகளைத்தான் கொல்கிறது, வெளியிலிருந்து வந்த சீகையும் கற்பூர மரமும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. அதாவது காவல்காரன் இருந்தபோதே திருடன் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தான். இரவுகள் சூடாகி உறைபனியும் தளர்ந்துவிட்டால், நாம் நடாமலேயே புல்வெளி மரக்காடாகிவிடும். பச்சையாகத்தான் இருக்கும். படம் எடுத்துப் போட்டால் 'இயற்கை மீண்டு வருகிறது' என்று லைக் விழும்.

சில வருஷமாக உறைபனி தள்ளிப்போகிறது, டிசம்பரில் வர வேண்டியது ஜனவரியில் வருகிறது, வந்தால் மொத்தமாக வந்து காய்கறியைக் கருக்குகிறது. கோடையைச் சொல்லவே வேண்டாம். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது, பல பத்தாண்டுகளில் இல்லாத வெயில். ஊட்டியில் மின்விசிறி விற்கும் கடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? என் சின்ன வயதில் மின்விசிறி இல்லாத ஊர் என்பதுதான் எங்கள் பெருமை.

மலை உச்சியில் வாழ்கிற உயிர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. கீழே சூடானால் மேலே போகலாம், மேலே சூடானால் எங்கே போவது? தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதற்கு மேலே வானம்தான். நீலகிரி சிரிப்பான் என்கிற பறவை, புல்வெளியில் மட்டும் வாழும் நெட்டைக்காலிக் குருவி, நமது மாநில விலங்கான வரையாடு எல்லாம் இந்த மாதிரி மலைத்தீவுகளில் மாட்டிக்கொண்டவை. வரையாடு 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303 என்று வந்தது. நல்ல செய்திதான். ஆனால் வரையாட்டுக்குத் தேவை புல்வெளியும் பாறையும், எண்ணிக்கை கூடுகிறது என்று சந்தோஷப்படும் அதே நேரத்தில் அது மேய்கிற இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது.

பிழைப்புக்கு வருகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

தேயிலைக்கு வேண்டியது சாரலும் இடையிடையே வெயிலும். இங்கே வருஷத்துக்கு இரண்டு சீசன்: கோடை மழைக்குப் பிறகு ஏப்ரல், மே வாக்கில் ஒன்று, செப்டம்பருக்குப் பிறகு இன்னொன்று. கோடை மழை தள்ளிப்போனால் முதல் சீசன் படுத்துவிடும். வெயில் நீண்டால் சிவப்புச் சிலந்தி வந்து இலையெல்லாம் துரு நிறமாகிவிடும். மாறாகப் பத்து நாள் தொடர்ந்து மூட்டமும் ஈரமும் இருந்தால் கொப்புள நோய். மருந்து அடிக்க வேண்டும், மருந்தடித்த மறுநாள் மழை கொட்டினால் அதுவும் காசும் ஓடையில். எல்லாச் செடியும் ஒரே வாரத்தில் துளிர்த்துவிட்டால் பறிக்க ஆள் கிடைக்காது, எங்கள் ஃபேக்டரி வாட்டுப்பரப்பில் இடம் இருக்காது, ஏஜென்ட் வண்டி வாசலில் நிற்கும், விலை இறங்கும். இலை ஈரமாக வந்தால் எடையில் கழிப்போம். கழிக்கிற பேனா என் கையில்தான் இருக்கிறது. ஒரு ஏக்கர் வைத்திருக்கிற ஒரு ஹட்டிக்காரர் (படுகர் ஊர்க்காரர்), வயதில் மூத்தவர், "தம்பி, மழைக்கு நானா காரணம்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன். நீலகிரியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் இப்படி இருக்கிறார்கள், ஒரு மோசமான சீசனைத் தாங்குவார்கள், தொடர்ந்து இரண்டு வந்தால் செடியைப் பிடுங்கிவிட்டு காட்டேஜ் கட்ட இடத்தை விற்றுவிடுவார்கள். காட்டேஜுக்குத் தண்ணீர்? அதுவும் அதே ஊற்றிலிருந்துதான்.

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் போடுபவர்கள் கதை வேறு. ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் ஓடையில்தான் எடுக்க வேண்டும். உறைபனிக் காலத்தில் விடியற்காலையில் தண்ணீர் தெளித்தால்தான் பயிர் கருகாமல் தப்பும், அதற்கும் தண்ணீர். கேரட்டைக் கழுவி மூட்டை கட்டினால்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை, அதற்கும் தண்ணீர். கொட்டும் மழைக்கு மேல்மண் கழுவிக்கொண்டு கீழே போகிறது, போன மண்ணுக்கு ஈடாக உரம் கூட்டிப் போடுகிறார்கள். இப்படி மலைத் தோட்டங்களிலிருந்து கரைகிற மண் எங்கே போகிறது? குந்தா, எமரால்டு என்று இருக்கிற மின்வாரிய அணைகளின் அடியில் சேறாகச் சேர்கிறது. அணையின் கொள்ளளவு குறைந்தால் சாயங்காலம் சென்னையில் ஏ.சி. ஓடும் நேரத்துக்குக் கொடுக்கும் நீர்மின்சாரம் குறையும். இப்படியே சங்கிலி போய்க்கொண்டிருக்கும், நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் கோயில் கூரைக்குச் சதுப்பில் மட்டும் வளரும் ஒரு வகைப் புல் வேண்டும். வேறு புல் போட்டு வேயக் கூடாது, அது வழிபாட்டின் பகுதி. நீலகிரியில் மட்டுமே இருக்கும் புல் அது. சதுப்பு காய்ந்து கேரட் தோட்டமான பிறகு அந்தப் புல்லைத் தேடி எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது. எருமைகளுக்கான மேய்ச்சல் சீகைக் காடாகிவிட்டது. தோடர் எம்பிராய்டரி சால்வைக்கு ஊட்டியில் எல்லாக் கடையிலும் இடம் இருக்கிறது, தோடர் எருமைக்கு மலையில் இடம் இல்லை.

கீழே இறங்கினால் பவானிசாகர். 1955இல் கட்டி முடித்த அணை, 32.8 டி.எம்.சி. மேல்பவானியிலிருந்து கேரளத்துக்குள் போய்ச் சுற்றி வரும் பவானியும், பைக்காராவாகப் பிறந்து வரும் மாயாறும் அங்கே சேர்கின்றன. கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம்: ஈரோட்டு மஞ்சள், கோபி நெல், கரும்பு. அங்குள்ள விவசாயிகளுக்கு அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பது தினமும் காலையில் பார்க்கும் எண். மேலே எத்தனை ஏக்கர் புல்வெளி மிச்சம் என்பது அவர்கள் பார்க்காத எண். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் போராடுகிறவர்கள், அணைக்கு மேலே இருக்கும் மலையைப் பற்றி ஒரு கூட்டம் போட்டால் நான் கைக்காசில் பஸ் ஏறி வருவேன்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு வனத்துறை அந்நிய மரங்களை அகற்ற ஆரம்பித்திருக்கிறது. நல்லதுதான், ஆனால் ஊரில் எல்லோரும் நினைப்பது மாதிரி சுலபம் இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் பட்டால், அல்லது தீ வந்துபோனால், ஆயிரக்கணக்கில் ஒன்றாக முளைக்கும். வெட்டிய பிறகு வருஷா வருஷம் வந்து முளையைப் பிடுங்க வேண்டும், புல் விதை போட வேண்டும். இதை டெண்டர் விட்டு மரத்தை ஏற்றிக்கொண்டு போவதோடு முடித்துவிட்டால் இரண்டு வருஷத்தில் முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். பழைய சீகைத் தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன, அங்கே கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் அதுவும் நஷ்டம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: எங்கள் ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு எரிவது இந்தக் கற்பூர மரமும் சீகையும்தான். லயங்களில் பெண்கள் பொறுக்கி வருவதும் அதே விறகு. மரம் போனால் அதற்கு மாற்று என்ன என்று யாரும் பேசுவதில்லை.

மறுபக்கம், அதே மலையில் 'மரம் நடும் விழா' நிற்கவே இல்லை. சமவெளியிலிருந்து பஸ் பிடித்து டி-ஷர்ட் போட்டு வந்து, புல்வெளியில் குழி தோண்டி, கன்று வைத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் புல்வெளியில் மரம் நடுவது உதவி இல்லை. புல்வெளி தன் கரிமத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வைத்திருக்கிறது, காட்டுத் தீ வந்தாலும் அது பெரும்பாலும் தப்பும், மரத்தோப்பில் சேர்ந்தது புகையாகப் போய்விடும். உங்களுக்கு நட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் ஊர் ஏரிக்கரையில் நடுங்கள்.

2009 நவம்பர் மழையில் கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பக்கம் சரிவுகள் பெயர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அப்போதும் சாலை ஓரம் வெட்டிய செங்குத்து மண்சுவர், அடைத்த ஓடை, சரிவில் கட்டிய வீடு என்றுதான் பேசினோம். இன்றைக்கு அதே சாலையில் பொக்லைன் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தபடியேதான் நான் வேலைக்குப் போகிறேன். சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது, 2024 மே முதல், வண்டிகளை எண்ணுகிறார்கள். வண்டியை எண்ணுவது ஆரம்பம்தான், பொக்லைனையும் சேர்த்து எண்ணினால் இன்னும் நன்றாக இருக்கும்.

எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே ஒரு சின்னச் சதுப்பு மிச்சம் இருக்கிறது. மாடு மேயும், கோரை வளரும், மார்கழியில் மேலே வெள்ளையாக உறையும். அதன் கீழ் ஓரத்தில்தான் எங்கள் கிணறு. போன வருஷம் முதல் அதன் மேல் ஓரத்தில் யாரோ மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருக்கிறார்கள், கார் நிறுத்தும் இடம் வரப்போகிறதாம். சர்வே எண் எடுத்து, பழைய வரைபடத்தில் அது ஓடைப் புறம்போக்காக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கு ஊராட்சிகளில் கிராம சபை கூடும். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டியது மூன்று வரிதான்: மண் கொட்டுவதை நிறுத்த வேண்டும், கொட்டியதை எடுக்க வேண்டும், அந்த இடத்தைப் பொது நீர்நிலை என்று பதிய வேண்டும். அம்மா தன் பக்கத்து லயத்துப் பெண்களை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மண் கொட்டுகிறவர் தரப்பிலும் ஆட்கள் வருவார்கள் என்று கேள்வி, அதனால் கையெழுத்து நிறைய வேண்டும். கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் அன்று காலை பதினொரு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள்.